பரணிலிருந்து இறங்கிய மரப்பொம்மைகள்: குழந்தை கைக்குப் போகும் முன்

போன தை மாதம், பென்னாகரம் பக்கத்தில் மாமியார் வீட்டுப் பரணை ஒதுங்க வைத்தபோது ஒரு கோணிப்பை இறங்கியது. உள்ளே என் கணவர் நடை பழகிய நடைவண்டி, நாத்தனார் விளையாடிய சொப்புச் சாமான், கொலுவில் வைத்த மரப்பாச்சி ஜோடி, ஆணி துருப்பிடித்த இரண்டு பம்பரம், அப்புறம் பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த ஒரு ஆடுகுதிரை. “ஒரு அலசு அலசி பாப்பாவுக்குக் குடும்மா” என்றார் அத்தை. பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது நான்கு மாதம். கையில் எது கிடைத்தாலும் அடுத்த நொடி வாயில் இருக்கும்.

நானும் அலசினேன். நடைவண்டியைச் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். காலையில் கட்டைகள் ஊதிச் சக்கரம் இறுகிவிட்டது. காய்ந்தபோது கைப்பிடியில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கொரோனா காலத்துப் பழக்கத்தில் சொப்புகளுக்குச் சானிடைசர் அடித்தேன். துணியெல்லாம் சிவப்பு. பிசுபிசுத்துப் போன ஒரு சொப்புக் குண்டானைச் செய்தித்தாளில் காய வைத்தேன். எடுத்துப் பார்த்தால் அதன் அடியில் ஏதோ விளம்பரத்தின் ‘ண’ கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி ஒட்டியிருந்தது. இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊர் ஆசாரி ஒருவரிடம் கேட்டும், படித்தும், மறுபடி செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மர பொம்மையைப் பொறுத்தவரை சுத்தம் செய்வது மூன்றாவது வேலை. அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வது இரண்டாவது. இந்த வரிசை மாறினால் என் கதைதான் உங்களுக்கும்.

பையைத் திறக்கும்போதே

பரணில் கிடந்த பையை வீட்டுக்குள் வைத்துப் பிரிக்காதீர்கள். வாசலிலோ மொட்டை மாடியிலோ குழந்தை இல்லாத நேரம் பார்த்து, ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் கவிழ்த்துக் கொட்டுங்கள். நம் பக்கத்துப் பரண்களில் தேளும் பூரானும் புதிதல்ல. கை உறை போட்டுக்கொள்ளுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்ப வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, பழைய துணியால் வழித்து எடுத்துத் துணியோடு தூக்கிப் போடுங்கள். எலிச் சிறுநீர் ஊறி நாற்றம் ஏறிய பூச்சில்லாத மரம் என்றால் அந்தப் பொம்மையை விட்டுவிடுவதே மேல். எலிக்காய்ச்சல் ஞாபகம் இருக்கட்டும்.

பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார்களா என்றும் பாருங்கள். அந்துருண்டை என்றும் சொல்வார்கள். அதிலுள்ள நாப்தலீன் சில குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறை இருப்பது பெரும்பாலும் பெற்றோருக்கே தெரிந்திருக்காது. உருண்டை வாடை வீசும் பொம்மையை நிழலில் காற்றோட்டமாகப் பல நாள் விரித்து வையுங்கள். மூக்கருகே வைத்தாலும் வாடை வராத வரை குழந்தையிடம் போகக் கூடாது.

மேலே இருப்பது அரக்கா, பெயின்ட்டா, வெறும் மரமா?

நம் வீடுகளில் கிடைக்கும் மர பொம்மைகளை இந்த மூன்றில் ஒன்றில் அடக்கிவிடலாம்.

அரக்குப் பூச்சு பெரும்பாலும் கடைசல் சாமான்களில் இருக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பெங்களூர் போக்குவரத்து அதிகம் என்பதால் பல வீடுகளில் சன்னபட்டணா பொம்மை ஒன்றாவது கிடக்கும். பெங்களூர்–மைசூர் சாலையில் இருக்கிற ஊர் அது; அங்கே செய்யும் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். சூட்டில் உருகி ஒட்டியது சூட்டில் இளகத்தானே செய்யும்? அதனால் கொதிநீர் கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதால் சானிடைசரும் கூடாது. நாள்பட ஈரத்தில் கிடந்தால் வெளுத்துப் புகை படிந்தாற்போல ஆகிவிடும்.

எனாமல் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். அடிபட்ட இடத்தில் சில்லு சில்லாகப் பெயரும். பெயர்ந்த ஓரத்தைப் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று நிறம்கூடத் தெரியும். எங்கள் குதிரையில் பச்சைக்குக் கீழே ஆரஞ்சு, அதற்கும் கீழே வெள்ளை.

சந்தேகமாக இருந்தால் சானிடைசரில் நனைத்த பட்ஸ் ஒன்றை அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்து மெதுவாகத் தேயுங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்து நிறம் தாராளமாக இறங்கினால் அரக்காக இருக்கலாம். பழைய மரச்சாமானுக்கு அடிக்கும் பிரெஞ்ச் பாலிஷும் அரக்குதான், அதுவும் இப்படியே இளகும். ஒன்றுமே ஆகாமல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் எனாமல். குண்டான் முழுக்க நான் செய்ததை நீங்கள் ஒரு புள்ளியில் செய்து பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

மூன்றாவது வெறும் மரம். நடைவண்டி, மத்து, உருட்டுக்கட்டை மாதிரி. மரப்பாச்சியும் இதில்தான் சேரும், ஆனால் ஒரு கவனம் வேண்டும். உண்மையான செஞ்சந்தன மரப்பாச்சியைத் துடைக்கும்போது துணியில் லேசாகச் செம்மை ஒட்டலாம். அது மரத்தின் சொந்த நிறம். வேறு மரத்தில் சிவப்புச் சாயம் ஏற்றி மரப்பாச்சி என்று விற்பதும் உண்டு. ஈரத்துணி பட்டதும் நிறம் அப்பிக்கொண்டு வந்தால் அது சாயம். அந்த ஜோடி கொலுப்படியிலேயே இருக்கட்டும்.

பெயின்ட் பொம்மையை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன்

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். “உன் வீட்டுக்காரன் இதைக் கடிச்சித்தான் வளந்தான், என்னாயிட்டான்?” என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் நீளமாக இருந்தது, அத்தை பாதியிலேயே எழுந்து பால் காய்ச்சப் போய்விட்டார். உங்களிடம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய எனாமல் பெயின்ட்டில் நிறம் பளிச்சென்று நிற்கவும், சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கம். குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் கலந்த பச்சை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல்தான் அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல். அதற்கு முந்தைய பொம்மைக்குப் பெயின்ட் அடித்தவர் கையில் எந்த டப்பா கிடைத்ததோ அதுதான் அதன் பூச்சு. கதவுக்கு வாங்கி மிச்சமானதாகவும் இருக்கலாம்.

வாய் வழியாகப் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. வாந்தி, காய்ச்சல் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் நடக்காமலேயே மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அதனால்தான் “அவனுக்கு ஒண்ணும் ஆகலையே” என்பது கணக்கில் வராது. ஆனதா இல்லையா என்று அன்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

கண்ணால் பார்த்து ஈயம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆகவே என் முடிவு எளிமையானது: எப்போது, எந்தப் பெயின்ட் அடித்தது என்று தெரியாத பழைய எனாமல் பொம்மை, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குக் கிடையாது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் கிடையாது.

அப்படியானால் பெயின்ட்டைச் சுரண்டிவிடலாமே என்று தோன்றும். அதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயம் மாவுபோலத் தூசியாகித் தரையெல்லாம் படியும். தவழும் பிள்ளை அந்தத் தரையில் கை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கும். வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்பதும் வேண்டாம். நம் ஊரில் உடைந்த மரச்சாமான் எல்லாம் கடைசியில் அங்கேதான் போகும். எரித்தால் புகையிலும் ஈயம், சாம்பலிலும் ஈயம். அந்தச் சாம்பலைத்தான் எடுத்துப் பாத்திரம் விளக்குவோம், கீரைப் பாத்திக்கும் போடுவோம்.

உதிராத பெயின்ட் என்றால் ஈரத்துணியால் துடைத்து, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஞாபகப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். துடைத்த துணியை மற்றத் துணியோடு துவைக்காமல் எறிந்துவிடுங்கள். உதிர்கிறது என்றால் நல்ல பிளாஸ்டிக் கவரில் கட்டி வெளியேற்றிவிடுங்கள். குழந்தை ஏற்கெனவே பல நாள் அப்படி ஒரு பொம்மையைக் கடித்திருந்தால் பதற வேண்டாம்; குழந்தை நல மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

உடைசல், ஆணி, உளு

மிச்சமான பொம்மைகளை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஆட்டி, இழுத்து, திருகிப் பாருங்கள். பிள்ளை செய்யப் போவதும் அதுதான். கழன்று வரும் துண்டு எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. துண்டு தொண்டையில் சிக்குமா என்று பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக் கூடியது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். ஆக, அந்த நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டுகூட ஆபத்துதான். எங்கள் சொப்பில் இருந்த குட்டி உலக்கையையும், மூடியின் குமிழ்களையும் இதனால்தான் எடுத்து வைத்துவிட்டேன். பம்பரம் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பொருள்.

சிராய் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து மரத்தின்மேல் எல்லாப் பக்கமும் இழுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே சிராய். பூச்சில்லாத மரம் என்று உறுதியானால் மட்டும், வெளியில் உட்கார்ந்து 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220 போட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள்.

உளுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டை, தட்டினால் மாவுபோல் தூள். ஓட்டை இருந்தாலே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கறுப்புத் துணிமேல் பொம்மையை வைத்து நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. காய்ந்த பொம்மையைப் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் போகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். குளிர் முழுதாக இறங்கிய பிறகே பிரியுங்கள், இல்லாவிட்டால் மரம் வியர்த்து நனைந்துவிடும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி இதற்குப் பெரும்பாலும் போதாது. மண்ணெண்ணெய், கரையான் மருந்து எதையும் குழந்தைப் பொம்மையில் ஊற்ற வேண்டாம். கரையானுக்குப் பயந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவி வைத்திருந்த மரம் என்றால் அதையும் கொடுக்காதீர்கள், அது தோலைப் புண்ணாக்கும்.

இப்போது துடைக்கலாம்

தண்ணீரில் முக்கக் கூடாது. இது ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், காயும்போது வெடிக்கும், ஒட்டிய மூட்டு விடும், உள்ளே தங்கிய ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு விஷயம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. துடைத்துக் காய்ந்த பிறகு மரத்தின்மேல், குறிப்பாகக் கறுப்பு மரப்பாச்சியில், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். நானும் முதலில் பூஞ்சைதான் மறுபடி வந்துவிட்டது என்று நினைத்தேன். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் குழாயில் வந்தால் அதை ஒரு சொம்பு பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. வேண்டியது மொத்தமே ஒன்றரை லிட்டர்தான்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன். இன்னொரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர். மூன்று பழைய பருத்தித் துணி. பழைய வேட்டிக் கிழிசல் மாதிரி வேறொன்றும் வராது. முதலில் காய்ந்த துணியால் தூசியைத் துடைத்து எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை, இன்னொரு முறை பிழிந்தாலும் ஒரு சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து துடையுங்கள். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ், சொப்பின் உள்பக்கத்துக்குப் பட்ஸ். வெறும் தண்ணீர்த் துணியால் சோப்பை எடுங்கள், உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். ஒரு பொம்மையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் நனைத்து வரிசையாக வைத்துவிட்டு அப்புறம் துடைப்பது வேண்டாம்.

அரக்குச் சாமானுக்கு இதிலும் பாதி ஈரம் போதும். கடைசியில் மெத்தென்ற துணியால் நாலு தேய் தேய்த்தால் மினுமினுப்புத் தானாகத் திரும்பும்.

பூஞ்சை பிடித்த பூச்சில்லாத மரத்துக்கு வினிகரும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீர்த் துணியால் எடுக்கலாம். வெடிப்புக்குள் கறுப்பு ஏறிப்போயிருந்தால் எதுவும் எடுபடாது, தூக்கிப் போடுங்கள். பிளீச்சிங் பவுடர், பினாயில், டெட்டால் எல்லாம் தரைக்கும் கழிவறைக்கும்தான். மரம் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிள்ளை சப்பும்போது கொடுக்கும். பிளீச்சிங்கும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வேறு. பூந்திக்கொட்டைத் தண்ணீர் நல்லதுதானே என்று கேட்பார்கள். கண்ணில் பட்டால் எரிச்சல், வெளிறிய மரத்தில் பழுப்புக் கறை. எனக்கு அது ஒத்து வரவில்லை.

கயிற்றுக் கட்டில்

காய வைக்கக் கயிற்றுக் கட்டிலைவிட நல்ல சாதனம் நான் பார்க்கவில்லை. நாலு பக்கமும் காற்றுப் போகும். திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ போட்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பொம்மைகளைப் புரட்டிவிடுங்கள். குறைந்தது ஒரு முழு நாள்; நடைவண்டி மாதிரி தடித்த கட்டைக்கு இரண்டு நாள். சித்திரை வெயிலில் நேராகப் போட்டால் தர்மபுரி வெயில் அரைநாளில் மரத்தை வெடிக்கவைத்துவிடும், அரக்கையும் இளக்கும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். செய்தித்தாளில் வைக்காதீர்கள், ‘ண’ ஞாபகம் இருக்கட்டும்.

காய்ந்த வெறும் மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம். விரல் நுனியில் தொட்டுத் துணியில் தடவி, துணியால் மரத்தில் தேயுங்கள். அரை மணி கழித்து மிச்சத்தை அழுத்தித் துடைத்து எடுத்துவிடுங்கள். அதிகம் விட்டால் சிக்கு வாடை வரும், தூசி ஒட்டும். கொஞ்சம் மெனக்கெட முடிந்தால் ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் எடுத்து, தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிடுங்கள். மெழுகுப் பசை மாதிரி வரும். அதைத் தடவினால் ஈரமும் சீக்கிரம் ஏறாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ‘பாயில்டு’ ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், அதில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்பு கலந்திருக்கும். வேர்க்கடலை எண்ணெயும் வேண்டாம். சிக்கு வாடை ஒரு பக்கம், கடலை ஒவ்வாத பிள்ளைகள் இன்னொரு பக்கம்.

நடைவண்டிக்கு மட்டும் இரண்டு வார்த்தை

சக்கரத்தைக் கழற்றி இருசில் படிந்த கறுப்பு மசையை முழுதாக வழித்து எடுங்கள். எங்களுடையதில் மசையோடு நாற்பது வருடத் தலைமுடியும் சுருண்டு கிடந்தது. துருப்பிடித்த போல்ட்டையும் ஆணியையும் சுத்தம் செய்து மாரடிக்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள். ஆணிக்குப் பதில் திருகாணி போட்டால் தலை எழும்பாது. இருசுக்கு மெழுகுவத்தியைத் தேய்த்தாலே சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும்.

அந்தக் காலத்து மண் தரைக்கும் சாணி மெழுகிய வாசலுக்கும் செய்த வண்டி இது. டைல்ஸ் தரையில் விட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடிவிடும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி இறுக்கமாக ஒட்டினால் நிதானமாகப் போகும். பட்டை கழன்றால் பிள்ளை அதையும் கடிக்கும், அதனால் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நடைவண்டி வாசலில் ஓடுகிறது, கைப்பிடி வெடிப்பில் மரத்தூளும் பசையும் வைத்து ஆசாரி அடைத்துக் கொடுத்தார். சொப்பில் பெரியதாக ஏழு தேறின. குதிரை பீரோ மேல் நிற்கிறது. பாப்பா தினமும் அதைக் கைகாட்டி “தா, தா” என்கிறாள். அத்தை என்னைப் பார்க்கிறார்.